வீட்டு அபாயக் கழிவு மையம்: விதி எழுதுவதிலிருந்து டிரம் கிளம்புவது வரை

எந்த வீட்டிலும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலோ பரண் மேலோ இப்படி ஒரு மூலை இருக்கும். பாதி தீர்ந்த தின்னர், பெயர் அழிந்துபோன பூச்சிமருந்து, உப்பிப்போன போன் பேட்டரி, எப்போதோ வாங்கிய ஆசிட், ஒன்றிரண்டு பழைய டியூப் லைட். குப்பையில் போடவும் மனம் வராது, வைத்திருக்கவும் பயம். வீடு மாறுகிற நாளில்தான் இதற்கெல்லாம் ஒரு முடிவு வரும். அநேகமாக அந்த முடிவு சாக்கடைதான்.

இவற்றை மக்களே கொண்டுவந்து ஒப்படைக்க ஒரு மையம் வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அதை எப்படி நடத்துவது, எதை வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று எழுத உட்காரும்போதுதான் தலைவலி தொடங்கும். நான் முதலில் எழுதிக் கொடுத்த வரைவில் ஏறக்குறைய எல்லா வரியும் 'கூடாது' என்று முடிந்தது. எழுதியபோது பெருமையாகத்தான் இருந்தது. மையம் திறந்த இரண்டாவது வாரம், காலையில் கேட்டைத் திறக்க வந்த காவலாளி வெளியே மூன்று தகர டின்னும் ஒரு கேனும் கிடப்பதைப் பார்த்தார். முந்தின நாள் 'இதெல்லாம் எடுக்க மாட்டோம்' என்று திருப்பி அனுப்பியவை. ஒரு டின் கவிழ்ந்து, உள்ளே இருந்தது மண்ணில் இறங்கியிருந்தது. அதிலிருந்து, விதியில் ஒவ்வொரு 'கூடாது'க்கும் பக்கத்தில் 'அப்போ எங்கே?' என்று பென்சிலில் எழுதி வைத்துக்கொள்வேன். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத விதியை அச்சுக்கு அனுப்புவதில்லை.

உள்ளாட்சி அலுவலர், குடியிருப்போர் சங்கத்து ஆள், மையத்தை நடத்தப்போகும் ஒப்பந்ததாரர் என்று யார் எழுத உட்கார்ந்தாலும் கீழே உள்ள வரிசையிலேயே போனால் வேலை சுலபம். வரிசை கொஞ்சம் தலைகீழாகத் தெரியும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறேன்.

1. சட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு நாடும் இதை ஒவ்வொரு மாதிரி கையாள்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயக் கழிவு எது என்று பெயர் சொல்லியே பட்டியலிட்டன: பெயின்ட் டின், பூச்சிமருந்து டப்பா, சி.எஃப்.எல். பல்பு, டியூப் லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், பழைய பேட்டரி, பயன்படுத்திய ஊசி. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும், அது திறந்திருக்கும் நேரத்தை அறிவிக்க வேண்டும் என்றும் சொன்னன. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தன் கழிவுச் சட்டத்தைத் திருத்தி, வீடுகளிலிருந்து வரும் அபாயக் கழிவைத் தனியாகச் சேகரிக்கும் ஏற்பாட்டை உறுப்பு நாடுகள் 2025 ஜனவரி 1க்குள் செய்துவிட வேண்டும் என்று கெடு வைத்தது. அமெரிக்கக் கூட்டரசு விதிகளோ வீட்டுக் கழிவுக்கு அபாயக் கழிவு விதிகளிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டன. ஆனால் பின்னாளில் ஓர் இடம் மாசுபட்டது தெரியவந்தால், மாசுபட்ட இடத்தைச் சுத்தம் செய்யும் செலவைச் சுமத்தும் சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் கீழ் வரும் பொறுப்பு அந்த விலக்கால் போய்விடாது.

உங்கள் இடத்துச் சட்டத்தில் மூன்று விஷயத்தைத் தேடி எடுத்தால் போதும். கழிவின் பொறுப்பு யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த நொடியில் மாறுகிறது? ஒரு வீட்டில் இருக்கும்வரை விலக்கு பெற்ற பொருள், நூறு வீட்டிலிருந்து வந்து ஓரிடத்தில் குவிந்த பிறகும் விலக்கோடு இருக்கிறதா? கடை, பட்டறை, மருத்துவமனைக் கழிவு ஒரு டின் உள்ளே வந்து கலந்துவிட்டால் என்ன ஆகும்? மூன்றாவதற்குப் பல இடங்களில் பதில் ஒன்றுதான்: மொத்தக் குவியலின் தகுதியே மாறிவிடும். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. கடைசி வாசலை முதலில் திறங்கள்

உள்ளே வரும் பொருள் எங்கே போய் முடியும் என்று தெரியாமல் கேட்டைத் திறப்பதுதான் இந்த வேலையில் எல்லோரும் செய்யும் முதல் தப்பு. ஆறு மாதத்தில் கொட்டகை நிரம்பிவிடும், எடுத்துப்போக ஆள் இருக்காது, அப்புறம் நீங்களே ஓர் அபாயக் கழிவுக் கிடங்கு நடத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகக் கடைசி இடத்தைப் பேசி முடியுங்கள். பழைய இன்ஜின் ஆயிலுக்குச் சுத்திகரிப்பவர், கார் பேட்டரிக்கு ஈயம் பிரித்தெடுக்க உரிமம் உள்ளவர், டியூப் லைட்டுக்குப் பாதரசம் மீட்கும் ஆலை, பூச்சிமருந்துக்கும் தின்னர் போன்ற கரைப்பானுக்கும் உயர் வெப்ப எரிப்பு உலை, மற்றதற்குப் பாதுகாப்பான புதைநிலம். ஒப்பந்தத்தில் எத்தனை நாளுக்கு ஒரு முறை வண்டி வரும், டிரம் எப்படிக் கட்டப்பட்டிருக்க வேண்டும், திருப்பி அனுப்பும் உரிமை யாருக்கு என்பதெல்லாம் இருக்கட்டும். அமெரிக்காவில் அதிக அளவில் அபாயக் கழிவு உண்டாக்கும் நிறுவனங்கள் 90 நாளுக்கு மேல் அதைக் கையில் வைத்திருந்தால் சேமிப்பு உரிமம் கேட்பார்கள். உங்கள் சட்டம் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அந்த 90 நாளை நீங்களே உங்களுக்கு விதித்துக்கொள்வது நல்லது.

கடைசி இடம் கிடைக்காத வகை ஏதாவது இருந்தால் அதை 'இப்போதைக்கு வாங்குவதில்லை' பட்டியலில் வையுங்கள். வாங்கி வைத்துக்கொண்டு வழி தேட வேண்டாம்.

3. பட்டியல்: இரண்டு போதாது, நான்கு வேண்டும்

'ஏற்கப்படும்', 'ஏற்கப்படாது' என்று இரண்டு பட்டியல் மட்டும் ஒட்டிய மையங்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். என் அனுபவத்தில் நான்கு பட்டியல் வேண்டும்.

முதலாவது, வாங்கிக்கொள்பவை. பெயின்ட், வார்னிஷ், தின்னர், டர்பன்டைன், பூச்சிமருந்து, எலி மருந்து, களைக்கொல்லி, ஆசிட், காஸ்டிக் சோடா, பிளீச், நீச்சல்குள ரசாயனம், இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், எல்லா வகை பேட்டரி, டியூப் லைட், பாதரசக் கருவிகள், ஸ்பிரே டப்பா. மருந்தும் ஊசியும் வாங்குவதாக இருந்தால் அவற்றுக்குத் தனிப் பெட்டி வேண்டும். மருந்துப் பெட்டிக்குப் பூட்டு போடுங்கள், ஊசிக்குக் குத்தித் துளைக்க முடியாத கெட்டியான டப்பா வையுங்கள். மருந்துச் சீட்டில் இருக்கும் நோயாளி பெயரை அடிக்காமல் போடவும் விடாதீர்கள். நினைப்பதைவிட அதிகம் பேர் அதை மறக்கிறார்கள்.

இரண்டாவது, வாங்குவதில்லை, ஆனால் எங்கே போக வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பவை. கேஸ் சிலிண்டர் விற்பனையாளரிடம் போக வேண்டும். தீயணைப்பான் அதை நிரப்பித் தருபவரிடம் போகலாம். ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுக்கும் கதிரியக்கப் பொருள் வைத்த பழைய புகை எச்சரிப்புக் கருவிக்கும் தனி அலுவலகம் இருக்கும். முகவரியும் நேரமும் அச்சடித்த சீட்டை எடுத்துக் கொடுக்க முடியவில்லை என்றால் அந்தப் பொருளை இந்தப் பட்டியலில் வைக்காதீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: கொண்டுவரவே கூடாதவை, வீட்டில் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தகவல் சொல்ல வேண்டியவை. தோட்டா, வெடி, தீச்சமிக்ஞைக் குழல். பள்ளி ஆய்வகத்திலிருந்தோ தாத்தாவின் போட்டோ அறையிலிருந்தோ வந்த பழைய ரசாயன பாட்டிலில் மூடியைச் சுற்றிப் படிகம் கட்டியிருந்தால் அதுவும் இதில்தான் சேரும். காய்ந்துபோன பிக்ரிக் ஆசிட் வெடிபொருள். பழைய ஈதரில் பெராக்சைடு உண்டாகி மூடியைத் திருகும்போதே வெடிக்கலாம். இதற்கு வெடிபொருள் அகற்றும் பிரிவின் போன் எண் விதியிலேயே இருக்க வேண்டும்.

நான்காவது பட்டியலை மக்கள் பார்க்க வேண்டியதில்லை, அது மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு: 'கொண்டுவரக் கூடாததைக் கொண்டே வந்துவிட்டார், இப்போது என்ன செய்வது?' வண்டியை எங்கே நிறுத்தச் சொல்வது, யாரை எவ்வளவு தூரம் விலக்குவது, யாருக்கு போன் போடுவது. 'திரும்ப எடுத்துப் போங்கள்' என்பது இந்தப் பட்டியலில் எங்கேயும் வரக் கூடாது. ஆபத்தான பாட்டிலோடு ஒருவரை மறுபடி சாலையில் ஓட்டவிட்டால் அப்புறம் நடப்பதற்கு நீங்களும் பங்காளி.

4. யார் வரலாம், எவ்வளவு, எப்போது

வீட்டுக்காரர் மட்டும் என்று எழுதுவது சுலபம். சோதிப்பது எப்படி? அடையாள அட்டையை நகலெடுத்து வைத்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள், பூச்சிமருந்து கொண்டுவருபவர்கள் சுத்தமாக வர மாட்டார்கள். எந்தப் பகுதியிலிருந்து வருகிறார் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்வதே எனக்குப் பிடித்த வழி. வியாபாரக் கழிவைத் தடுக்க அளவு வரம்பு ஒன்றே போதும். கலிபோர்னியாவில் ஒருவர் ஒரு தடவைக்கு 15 கேலனோ 125 பவுண்டோதான் கொண்டுவரலாம். அதாவது 57 லிட்டர் அல்லது 57 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வருவதால் நினைவில் வைப்பதும் எளிது. கூடவே ஒரு கேன் 20 லிட்டரைத் தாண்டக் கூடாது என்று வைத்தால் தூக்கி இறக்குபவரின் முதுகு தப்பும்.

சிறு பட்டறைக்காரரை ஒரேயடியாக விரட்டினால் அவரும் சாக்கடைக்குத்தான் போவார். மாதம் ஒரு நாள், முன்பதிவோடு, கட்டணத்துக்கு, வீட்டுக் கழிவோடு கலக்காமல் தனி டிரம்மில் வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தால் செய்யுங்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் கட்டணம் வேண்டாம்.

நேரம்: சனி, ஞாயிறில் ஒரு பாதி நாளாவது திறந்திருக்கட்டும். வேலை நாளில் பத்து முதல் ஐந்து வரை மட்டும் திறந்திருக்கும் மையம் வேலைக்குப் போகாதவர்களுக்கு மட்டும்தான்.

5. இடம்

வண்டி ஒரு வழியாக வந்து மறுவழியாகப் போக வேண்டும், ரிவர்ஸ் எடுக்கவே தேவை இருக்கக் கூடாது. வந்தவர் இறங்காமல் இன்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்க, பணியாளர் டிக்கியிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. நடந்தும் சைக்கிளிலும் வருபவர்களுக்கு ஒரு தாழ்வான மேசை போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும்.

கூரை வேண்டும், சுவர் எல்லாப் பக்கமும் வேண்டாம். கரைப்பானின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையை ஒட்டிப் பரவும். அதனால் காற்றோட்டம் மேலே மட்டும் இல்லாமல் தரை மட்டத்திலும் இருக்க வேண்டும். தரையில் ரசாயனம் ஊறாத பூச்சு, சுற்றிலும் வரப்பு மாதிரி ஒரு கரை. அந்தக் கரைக்குள் எவ்வளவு கொள்ள வேண்டும் என்பதற்குப் பிரிட்டனில் எண்ணெய்ச் சேமிப்புக்கு வைத்திருக்கும் கணக்கு எளிது: உள்ளே இருப்பதில் பெரிய கொள்கலனின் அளவில் 110 சதவீதம், அல்லது மொத்தத்தில் 25 சதவீதம், எது அதிகமோ அது. 200 லிட்டர் டிரம் நான்கு வைத்தால் முதல் கணக்கில் 220, இரண்டாவதில் 200. ஆக 220 லிட்டர் கொள்ளும் கரை கட்ட வேண்டும். டிரம் ஆறானால் இரண்டாவது கணக்கு 300 ஆகி முந்திவிடும். இதைக் கட்டடம் கட்டும் முன் போட்டுப் பாருங்கள், கட்டிய பிறகு வரப்பை உயர்த்துவது பெரிய வேலை.

தரையில் வடிகால் வைக்கவே வைக்காதீர்கள். மேஸ்திரி பழக்க தோஷத்தில் வைத்துவிடுவார்.

கண் கழுவும் குழாய் பத்து விநாடியில் போய்ச் சேரும் தூரத்தில், 15 நிமிடம் விடாமல் தண்ணீர் தருவதாக இருக்க வேண்டும். வழியில் டிரம் நிற்கக் கூடாது.

6. பெறும் மேசை

விதி உயிரோடு இருக்கிறதா என்று தெரிவது இங்கேதான். ஒரு வண்டிக்கு மூன்று, நான்கு நிமிடம். அதற்குள் பணியாளர் கேட்க வேண்டியது நாலே கேள்வி: என்ன இது? இது அதே டப்பாவில்தான் முதலிலிருந்து இருக்கிறதா? வேறு எதையாவது இதோடு கலந்தீர்களா? எதுவும் ஒழுகுகிறதா?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். வெளியே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே ஊற்றி வைத்திருப்பது வேறு என்பது அன்றாடம் நடக்கிற கதை. ஒரு முறை வயதானவர் ஒருவர், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்தார். லேபிள் இல்லை. 'பினாயில் தம்பி' என்றார். மூடியின் உலோகம் அரித்துத் துருவாகியிருந்தது, பாட்டிலைச் சுற்றிய தாளில் மூடி பட்ட இடம் மட்டும் பழுப்பாகப் பொடிந்து விழுந்தது. பினாயில் தாளைப் பொடிக்காது. மேசைக்காரர் ஒன்றும் சொல்லாமல் பாட்டிலை அப்படியே தாளோடு ஒரு பிளாஸ்டிக் வாளியில் நிற்க வைத்து, வாளியை 'தெரியாதவை' மேசைக்கு அனுப்பிவிட்டு, 'நல்லவேளை கொண்டுவந்தீங்க ஐயா' என்று சீட்டு கொடுத்தார். பின்னால் சோதித்தபோது ஆசிட். அவர் அதை முகர்ந்து பார்த்திருந்தாலோ, 'லேபிள் இல்லை, எடுக்க மாட்டோம்' என்று சொல்லியிருந்தாலோ கதை வேறு.

எனவே விதியில் இப்படி எழுதுங்கள்: லேபிள் இல்லாத பொருளும் வாங்கப்படும். வந்தவருக்கு முன்னால் எந்த மூடியும் திறக்கப்படாது. யாரும் எதையும் முகர்ந்து பார்க்கக் கூடாது. தெரியாதவற்றுக்குத் தனி மேசை, தனி வாளி. பயிற்சி பெற்ற ஒருவர், காற்று உறிஞ்சும் கூண்டுக்குள் வைத்து, சில துளிகளில் மட்டும் சோதிப்பார். அமிலமா காரமா என்று பி.எச். தாள், மற்றதை எரிய வைக்கும் ஆக்சிஜனேற்றியா என்று அயோடைடு–ஸ்டார்ச் தாள், தண்ணீரில் கலக்கிறதா மிதக்கிறதா மூழ்குகிறதா, பெராக்சைடு இருக்கிறதா, தீப்பற்றுகிறதா. பொருளின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எந்தக் கூட்டத்தோடு உட்கார வைக்கலாம் என்று தெரிந்தால் போதும்.

லேபிள் இருந்தால், சிவப்பு ஓரம் போட்ட சாய்சதுரப் படங்களைப் பார்க்கப் பணியாளருக்குச் சொல்லிக்கொடுங்கள். உலக அளவில் ஒரே மாதிரியான ஒன்பது படங்கள் அவை. குழம்ப வைப்பது இரண்டுதான்: வெறும் தீ ஜுவாலை என்றால் எரியும் பொருள், வட்டத்தின் மேல் ஜுவாலை என்றால் மற்றதை எரிய வைக்கும் பொருள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

7. எது எதோடு சேராது

பெயரை வைத்துப் பிரிக்காதீர்கள். அடைப்பு எடுக்கும் மருந்து என்று விற்பதில் ஒன்று காஸ்டிக் சோடா, இன்னொன்று கந்தக அமிலம். கடையில் ஒரே தட்டில் இருக்கும். இங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் வேண்டும். நீச்சல்குளத்துக்குப் போடும் குளோரினிலும் இரண்டு வகை உண்டு, கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் டிரைகுளோரும். வெள்ளையாக ஒன்றுபோலத்தான் தெரியும், ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும்.

குறைந்தபட்சம் தனித்தனியாக நிற்க வேண்டியவை இவை. எரியும் திரவங்கள் ஓர் அலமாரி. அமிலம் ஒன்று, காரம் ஒன்று. ஆக்சிஜனேற்றி, அதாவது நீச்சல்குள குளோரின், சில களைக்கொல்லி, கெட்டியான பெராக்சைடு ஆகியவை தனியாக, எண்ணெய்ப் பிசுக்கோ மரத்தூளோ அண்டாத இடத்தில். நச்சு மருந்துகள் பூட்டிய அலமாரியில். தண்ணீர் படக் கூடாதவை உயரத்தில், உலர்ந்த இடத்தில். ஸ்பிரே டப்பா, பாதரசம், பேட்டரி தனித்தனி.

ஏன் இவ்வளவு பிரிவு என்று கேட்பார்கள். பணியாளருக்கு விதியை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட மூன்று கலவையைச் சொல்லிவிட்டால் அப்புறம் அவரே பார்த்துக்கொள்வார். பிளீச்சும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு. பிளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமைன், அதுவும் நெஞ்சை அடைக்கும். நீச்சல்குள குளோரின் தூள் மேல் பிரேக் ஆயில் கொட்டினால் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆளை ஏமாற்றுவது, துடைத்துவிட்டோம் என்று திரும்பிப் போயிருப்போம்.

தானியத்தில் வண்டு விழாமல் இருக்க வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு விடும், அது ஆளைக் கொல்லும். டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்கக் கூடாது. மழை நாளில் மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கக் கூடாது. அதில் தீப்பிடித்தாலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. வந்த உடனே உலர்ந்த அலமாரிக்கு.

ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் குவித்து வைத்தால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள்.

8. பேட்டரியும் பாதரசமும்

இந்த இரண்டையும் தனியாகப் பிரித்துச் சொல்கிறேன், காரணம் பணியாளர்கள் அலட்சியமாக இருப்பது இவற்றில்தான். பார்த்தால் சாதுவாக இருக்கும்.

ஒன்பது வோல்ட் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டலும் கழித்தலும் ஒரே தலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வாளியில் இரண்டு செல் தலையோடு தலை மோதினாலோ, நடுவில் ஒரு நாணயம் விழுந்தாலோ சூடேறத் தொடங்கும். மேசையில் ஒரு டேப் சுருள் கட்டி வைத்து, வாளியில் போடும் முன் முனைகளை ஒட்டச் சொல்லுங்கள். லித்தியம் பேட்டரிக்கும் இதேதான். ஒரு செல் சூடேறினால் பக்கத்துச் செல்லையும் சூடேற்றும், சங்கிலியாகப் போகும், அணைத்தது போலிருந்து மறுபடி பற்றும். உப்பியது, வளைந்தது, தண்ணீரில் விழுந்தது என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மணலோ வெர்மிகுலைட் என்ற எரியாத கனிமத் துகளோ நிரப்பிய உலோக டப்பாவில் புதைத்து வைக்க வேண்டும். மூடி காற்றுப் புகாமல் இறுகியிருக்கக் கூடாது. டப்பா கட்டடத்திலிருந்து தள்ளி நிற்கட்டும். பேட்டரிப் பெட்டி முக்கால் நிரம்பியதும் மூடி அனுப்புவது என்று அளவைக் குறித்துவிடுங்கள். தேதியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

பாதரசத்தில், சி.எஃப்.எல். பல்பு ஒன்றில் சில மில்லிகிராம்தான் இருக்கும். பழைய காய்ச்சல் தெர்மாமீட்டரில் சுமார் அரை கிராம், அதாவது நூறு பல்புக்குச் சமம். ஆனால் மக்கள் பல்பைப் பார்த்துப் பயப்படுவார்கள், தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் கொண்டுவருவார்கள். டியூப் லைட்டை அதன் அட்டைப் பெட்டியிலேயே நிற்க வைத்து அடுக்குங்கள். இடத்தை மிச்சப்படுத்த உடைக்கக் கூடாது. பாதரசம் சிந்தினால் துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் தொடக் கூடாது, துளியைச் சிதறடித்து ஆவியாக்குவதுதான் அவற்றின் வேலை. அட்டையால் ஒதுக்கி, சொட்டு மருந்துக் குழலால் உறிஞ்சி, மூடிய டப்பாவில் போட வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

9. டிரம்மில் அடுக்குவதும் கணக்கும்

இரண்டு வழி உண்டு. டின்களைத் திறந்து ஒரே டிரம்மில் ஊற்றிச் சேர்ப்பது ஒன்று, மூடிய பாட்டில்களை அப்படியே டிரம்மில் அடுக்கி இடையில் உறிஞ்சும் பொருள் நிரப்புவது இன்னொன்று. முதல் வழியில் டிரம் குறையும், செலவும் குறையும். ஆனால் கரைப்பான் ஊற்றும்போது நிலைமின்சாரப் பொறி வரும், டிரம்மை எர்த் செய்ய வேண்டும், ஆவி வரும். புதிய மையம் முதல் வருடம் இன்ஜின் ஆயிலைத் தவிர எதையும் ஊற்றிச் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆயிலிலும் ஒரு கண் இருக்கட்டும்: யாராவது குளோரின் உள்ள கரைப்பானை அதில் ஊற்றியிருந்தால் மொத்த டிரம்மும் கெட்டது. அமெரிக்க விதியில் ஹாலஜன், அதாவது குளோரினும் அதன் இனத்துத் தனிமங்களும், பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டினால் அந்த எண்ணெயை அபாயக் கழிவு கலந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். வந்த கேனை டிரம்மில் ஊற்றும் முன் ஒரு சிறு பாட்டிலில் மாதிரி எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுக்கும் டிரம்முக்குள் போகும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். பதிவேட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: 'தேதி, டிரம் எண் 14, எரியும் திரவம், தின்னர், 1 லிட்டர் தகர டின், பாதி, மூடி இறுக்கம், கையெழுத்து.' அதே தாளின் நகல் டிரம்மின் மேல் ஒட்டப்படும். முதல் பொருள் போட்ட தேதியை டிரம்மின் மேலேயே பெரிதாக எழுதுங்கள். 90 நாள் ஓடத் தொடங்குவது அன்றுதான். டிரம் கிளம்பிய பிறகு, எரித்தோம் அல்லது மீட்டெடுத்தோம் என்ற சான்று திரும்பி வரும்வரை அந்த வரியை மூடாதீர்கள்.

10. ஆட்கள், விபத்து

எப்போதும் இரண்டு பேர். ஒருவர் தனியாக இருக்கும் நேரத்தில் கேட் மூடியிருக்க வேண்டும். நைட்ரைல் கையுறை, கண்ணாடி, ஏப்ரன், மூடிய ஷூ. துணி முகமூடி ஆவிக்கு உதவாது, கரைப்பானுக்கு உரிய வடிகட்டி போட்ட முகக்கவசம் தேவை. சாப்பாடும் தண்ணீர் பாட்டிலும் வேலை இடத்துக்குள் வரக் கூடாது.

விபத்துத் திட்டத்தைப் பத்துப் பக்கம் எழுதி அலமாரியில் வைப்பதைவிட, ஒரு பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சிறு சிந்தல் என்றால் யார், எதைக் கொண்டு உறிஞ்சுவது. பெரியது என்றால் எந்தப் பக்கம் ஓடுவது, எங்கே கூடுவது, யாருக்கு போன். திறப்பதற்கு முன்பே தீயணைப்பு நிலையத்தாரை ஒரு முறை அழைத்து, எந்த அலமாரியில் என்ன இருக்கிறது, எதில் தண்ணீர் அடிக்கக் கூடாது என்று நடத்திக் காட்டுங்கள். கேட்டுக்கு வெளியே எடுக்கும்படி ஒரு பெட்டியில் அந்த வரைபடத்தின் நகலும் அன்றைய இருப்புப் பட்டியலும் இருக்கட்டும். தீப்பிடித்த அறைக்குள் இருக்கும் பதிவேட்டால் யாருக்கும் பயனில்லை.

11. திரும்பக் கொடுக்கும் அலமாரி

பல மையங்களில் அதிகம் வருவது பெயின்ட்தான், அதில் நிறைய நல்ல பெயின்ட். திறக்காத, லேபிள் உள்ள, கெட்டுப்போகாத பெயின்டையும் பசையையும் சுத்தம் செய்யும் திரவத்தையும் வேண்டுபவர் எடுத்துப்போக ஓர் அலமாரி வைக்கலாம். எரிக்கும் செலவு மிச்சம். பூச்சிமருந்தையும் மருந்தையும் மட்டும் அதில் வைக்கக் கூடாது. எண்டோசல்ஃபான், லிண்டேன் போல, நெடுநாள் அழியாத நச்சுகளை ஒழிக்க நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்ட பூச்சிமருந்துகள் பழைய டப்பாக்களில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எடுத்துப்போகிறவரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள்.

செலவைத் தயாரிப்பாளர்மீது போட முடியுமா என்றும் பாருங்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2009இல் பெயின்ட் தயாரிப்பாளர்களே மீந்த பெயின்டைத் திரும்ப எடுக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டது. அப்படி ஒரு சட்டம் இருந்தால் உங்கள் டிரம்மில் பெரும்பகுதி வேறு யாரோ கணக்கில் போகும்.

12. விதியின் வாசகம்

இவ்வளவும் முடிவான பிறகுதான் எழுத உட்கார வேண்டும். வாசகம் சின்னதாக, யார் செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கட்டும். 'உரிய பாதுகாப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட வேண்டும்' என்ற வரிக்கு அர்த்தமே கிடையாது. நான் இப்போது எழுதுவது இந்த மாதிரி:

'மையத்துக்குக் கொண்டுவந்த பொருளைப் பணியாளர் கையில் வாங்கிய நொடியிலிருந்து அது மையத்தின் பொறுப்பு.'

'பட்டியலில் இல்லாத பொருள் வந்தால், பணியாளர் அதை வாங்கிக்கொள்வார், அல்லது எங்கே கொண்டுபோக வேண்டும் என்று எழுதிய சீட்டைக் கொடுப்பார். இரண்டில் ஒன்றைச் செய்யாமல் யாரையும் அனுப்பக் கூடாது.'

'மூடிய நேரத்தில் கேட்டருகே விட்டுச்சென்ற பொருளை, திறந்ததும் முதல் வேலையாகத் தெரியாத பொருளாகக் கருதி உள்ளே எடுக்க வேண்டும். விட்டுச்சென்றவரைத் தேடுவது அதற்குப் பிறகு.'

கடைசி வரியைச் சேர்க்க எனக்கு ஒரு கூட்டம் முழுக்க வாதாட வேண்டியிருந்தது. கேமரா வைத்து அபராதம் போடலாம் என்றார்கள். போடலாம்தான், ஆனால் டின் அதுவரை வெயிலில் நிற்கும்.

13. திறந்த பிறகு மூன்று மாதம்

மேசையில் ஒரு தனி நோட்டு வையுங்கள். வாங்காமல் அனுப்பிய ஒவ்வொரு பொருளும், என்ன சீட்டு கொடுத்தோம் என்பதும் மட்டும் அதில் ஏறட்டும். வாரக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் எந்தப் பட்டியல் தப்பு என்று தானாகத் தெரியும். ஒரே பொருள் பத்து முறை வந்திருந்தால் அதற்குக் கடைசி இடம் தேடும் நேரம் வந்துவிட்டது. சீட்டில் எழுதிய முகவரிக்கு நீங்களே ஒரு முறை போன் போட்டுப் பாருங்கள், அங்கே உண்மையிலேயே எடுத்துக்கொள்கிறார்களா என்று. எங்கள் சீட்டில் இருந்த ஓர் எண் மாதக்கணக்கில் யாரும் எடுக்காத எண்ணாக இருந்தது. நோட்டில் அந்தச் சீட்டு 17 முறை ஏறியிருந்தது.